அப்பாவிடமிருந்து வந்தது

கணபதி
4.3.2024

மாமாவுக்கு,

நல்லா இருக்கீங்களா? போன் எடுக்க மாட்டேங்கறீங்க, அதனால இந்தக் கடுதாசி. எங்க குடும்பத்துச் சீக்குன்னு சொல்லி என்னையும் நம்ம கைக்குழந்தை கயலையும் கணபதியில எங்கம்மா வீட்ல உட்டுட்டுப் போய் ரெண்டு மாசமாச்சுங்க. பொறந்த மூணாம் நாள் ஆரம்பிச்ச வலிப்பு எதனாலன்னு அவ ரத்தத்துல தெரிஞ்சுபோச்சு. மூளைச் செல்லுல பொட்டாசியம் வெளியே போகக் குட்டிக் குட்டி வழி இருக்குதாம். அது வெளியே போனாத்தான் வேலை செஞ்ச செல் அடங்குமாம். நம்ம புள்ளைக்கு அந்த வழி சரியாத் திறக்கறதில்லை. டாக்டரம்மா மருந்து மாத்தினாங்க. ஒம்பது நாளா வலிப்பு இல்லீங்க.

இந்தக் கோளாறு அவளுக்கு மட்டும் புதுசா வந்ததா, நம்மள்ல ஒருத்தர்கிட்ட இருந்து வந்ததான்னு பாக்கணுமாம். நான் ரத்தம் குடுத்துட்டேன். நீங்களும் ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு வந்து குடுங்க. என்னைப் பாக்க வேண்டாம்.

சண்முகப்ரியா

பெருந்துறை
13.3.2024

சண்முகப்ரியாவுக்கு,

நேத்து வந்து ரத்தம் குடுத்துட்டேன். எங்க வகையில யாருக்கும் வலிப்பு இல்லைன்னு அம்மா அன்னைக்கே சொன்னாங்க. வேற எழுத ஒண்ணுமில்லை.

எழில்

கணபதி
22.4.2024

மாமாவுக்கு,

ரிசல்ட் வந்திருச்சுங்க. எனக்கு அந்தக் கோளாறு இல்லை. உங்களுக்கு இருக்குது. படிச்சதும் ஜெயிச்சுட்டேன்னு ஒரு நிமிசம் சந்தோசப்பட்டேன், பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் டாக்டரம்மா சொன்னதைக் கேட்டு உக்காந்து அழுதுட்டேன். "புதுசா வந்திருந்தாத்தான் ரொம்பப் பயப்படணும். இதே கோளாறோட உன் வீட்டுக்காரர் படிச்சு, வேலைக்குப் போய், நல்லாத்தான இருக்காரு? புள்ளையும் அப்படி வளர நல்ல வாய்ப்பு இருக்குது"ன்னாங்க. கைக்குழந்தையா இருந்தப்ப உங்களுக்கு வலிப்பு வந்துதான்னு அத்தைகிட்டக் கேக்கச் சொன்னாங்க. சண்டை போடாமக் கேளுங்க.

பிரியா

பெருந்துறை
28.4.2024

அம்மணிக்கு,

கேட்டேன். அம்மா அடுப்பை அணைச்சுட்டு வந்து உக்காந்தாங்க. அப்புறம், "உனக்கும் நாலாம் நாளே வெட்டு வலிப்பு வந்துச்சு கண்ணு. ஆறு மாசத்துல தானா நின்னுபோச்சு. தெரிஞ்சா உங்கப்பா என்னை உட்டுட்டுப் போயிருவாருன்னு வாயைத் திறக்கலை"ன்னாங்க.

அவங்க எதுக்குப் பயந்தாங்களோ அதை நான் உனக்குச் செஞ்சுபோட்டேன். ஞாயித்துக்கிழமை வரட்டுமா?

எழில்

கணபதி
2.5.2024

மாமாவுக்கு,

வாங்க. அத்தையையும் கூட்டியாங்க. இத்தனை வருசம் அதைத் தனியாச் சுமந்திருக்காங்க. ஆனா என்னைக் கூட்டிட்டுப் போறதுக்குன்னு வராதீங்க. மனசு இன்னும் இடம் குடுக்கலீங்க.

மருந்து எந்த நேரத்துக்கு, எவ்வளவுன்னு கத்துக்கங்க. மறுபடி வலிப்பு வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும், வாயில எதையும் வைக்கக் கூடாது. அஞ்சு மாசமா நான் முழுசாத் தூங்கலை. ஞாயித்துக்கிழமை மத்தியானம் புள்ளையை உங்ககிட்டக் குடுத்துட்டுக் கொஞ்சம் தூங்கறேன்.

பிரியா