பதினான்காம் எண் ரத்தம்

அன்புள்ள வாலுவுக்கு,

நலமாக இருப்பதாக நேற்று நீயே போனில் சொன்னாய். அப்படியே இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு இப்போது வேறு நினைப்பே இல்லை. மூன்று தடவை சொல்ல வாயெடுத்தேன். நீ தொட்டிலுக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாய், எனக்கு நாக்கு எழவில்லை. அதனால்தான் இந்த மின்னஞ்சல். உட்கார்ந்து படி. உன் வீட்டுக்காரரையும் பக்கத்தில் வைத்துக்கொள்.

முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நாளைக் காலை உன் டாக்டரிடம் போ. உன் ரத்தத்தில் ‘ஆன்டி-ரோ’ என்ற ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்கச் சொல். குழந்தையின் இதயத்தையும் ஸ்கேன் செய்யச் சொல், இனி வாரா வாரம். இந்த ஆபத்தைக் குறைக்க மாத்திரை உண்டு, அதை அவர் முடிவு செய்யட்டும். “அக்காவுக்கு எதைப் பார்த்தாலும் வியாதிதான்” என்று வழக்கம்போல் சிரித்துவிட்டுப் படுத்துவிடாதே. பதினேழு வாரம் முடிந்துவிட்டது. அடுத்த இரண்டு மாதம்தான் கண்டம்.

ஆன்டிபாடி என்பது கிருமியோடு சண்டை போட நம் உடம்பு செய்துகொள்ளும் பொருள். தாயிடமிருந்து அது குழந்தைக்கும் போகும், பிள்ளையைக் காப்பாற்றத்தான் போகிறது. ஆனால் இந்த ஒரு வகை, ஆள் மாறிக் குழந்தையின் இதயத்தையே அடித்துவிடலாம், துடிப்பு மந்தமாகிவிடும். தாய்க்கு ஒரு தலைவலிகூட இருக்காது. முதல் தடவை என்றால் நூறு பேரில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் இப்படி ஆகும்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். நான்கு வருடம் முன்பு வேலைக்கான நேர்காணலுக்கு வந்து என்னோடு தங்கினாயே, ஞாபகம் இருக்கிறதா? நோயாளிகளின் ரத்தத்தோடு ஒப்பிட, நல்ல ஆரோக்கியமானவர்களின் ரத்தமும் எங்கள் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வேண்டும். ஆள் கிடைக்காமல் உன்னைப் பிடித்து இழுத்துப்போனேன். கூலியாக இரண்டு ஐஸ்க்ரீம் கேட்டு வாங்கினாய். குழாயில் பெயர் எழுத மாட்டோம், எண் மட்டும்தான், எந்த எண் யாருடையது என்பது தனியாக ஒரு பதிவேட்டில் இருக்கும்.

அடுத்த வருடம் சோதித்தபோது, சோதனைத் தட்டில் ஆரோக்கியமானவர்களின் ரத்தம் விட்ட குழிகள் எல்லாம் நிறமில்லாமல் இருக்க, பதினான்காம் எண் மட்டும் மஞ்சளாகிவிட்டது. இந்த ஆன்டிபாடி இருந்தால்தான் மஞ்சளாகும். என் கைத்தவறு என்று நினைத்து மறுபடி செய்தேன், மறுபடியும் மஞ்சள். கட்டுரையை அனுப்ப நான்கு நாள்தான் இருந்தது. ‘மாதிரி கெட்டுவிட்டது’ என்று எழுதி அதைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டேன். யாருடைய ரத்தம் என்று பார்க்கவில்லை. அந்தக் கட்டுரைக்குத்தான் விருது கிடைத்தது, நீகூடக் கைதட்டினாய்.

போன திங்கட்கிழமை, பழைய குழாய்களைப் புதிதாகச் சோதித்த டெக்னீஷியன் வந்து, “மேடம், இந்தப் பதினாலு இப்பவும் மஞ்சளாத்தான் வருது, இவங்க நிஜமாவே நல்லா இருக்கவங்களா?” என்று கேட்டார். பதிவேட்டை அனுமதியில்லாமல் திறந்தேன். என் கையெழுத்தில் உன் பெயர் இருந்தது. விதியை மீறியதை இயக்குநரிடம் சொல்லிவிட்டேன், என்ன நடவடிக்கை எடுப்பாரோ தெரியாது. அந்தப் பயம் பெரிதாகத் தெரியவில்லை.

இரண்டு வருடம் முன்பு உன் முதல் குழந்தை வயிற்றில் ஆறாம் மாதத்தில் போனதே, அப்போது டாக்டர் தந்த தாளை எனக்குப் படித்துக் காட்டினாய். துடிப்பு மிகவும் குறைவாக இருந்தது, காரணம் தெரியவில்லை என்று எழுதியிருந்தது. மளிகைப் பையோடு மாடிப்படி ஏறியதால்தான் என்று உன்னையே நீ நொந்துகொண்டிருந்தாய். நான் ஏதோ கூட்டத்துக்குப் போகும் அவசரத்தில், “அப்படியெல்லாம் இல்லடி” என்று சொல்லி போனை வைத்தேன். படி ஏறியதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இன்று இதை உறுதியாகச் சொல்ல முடிகிறது. மேலே எழுதிய நூறு பேர் கணக்கு முதல் தடவைக்கானது. இரண்டாவது தடவைக்கான கணக்கை டாக்டரிடமே கேட்டுக்கொள், எனக்கு எழுதக் கை வரவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது, வாலு. நீ இதைப் படித்துவிட்டு என்ன நினைப்பாய் என்பதும் அந்தப் பயத்தில் சேர்த்திதான். என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் பேச வேண்டாம். ஸ்கேன் முடிந்ததும் துடிப்பு எத்தனை என்ற எண்ணை மட்டும் உன் வீட்டுக்காரரை அனுப்பச் சொல். இந்தப் பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும். பேசக் கற்றுக்கொண்டு, பெரியம்மாவை எதிரே நிற்க வைத்து, என்ன வேண்டுமானாலும் கேட்கட்டும்.

நாளைக் காலை கட்டாயம் போய்விடு.

உன்
அக்கா