கடைசிக் கேள்வி அம்மாவுடையது

மார்ச் 3

என் வாயாடித் தங்கச்சிக்கு,

நலமா என்று கேட்டால் பக்கம் பக்கமாகத் திட்டுவாய், அதனால் கேட்கவில்லை. சின்னவள் எப்படி இருக்கிறாள்?

நம் அறக்கட்டளைக்குத் தலைவர் தேடித் தேடி எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. தசை தேய்கிற குழந்தைகளுக்காக இரண்டு அம்மாக்கள் ஆரம்பித்தது, இன்று புது மருந்துச் சோதனையே நம் தயவில்தான் நடக்கிறது. பழையவர் விலகியதிலிருந்து நாற்காலி காலி. கடைசியில் இரண்டு பேர் தேறியிருக்கிறார்கள். ஒருவர் வங்கியில் பெரிய பதவியில் இருந்தவர். அவர் வாயைத் திறந்தால் கல்லும் நன்கொடை கொடுக்கும். இன்னொருத்தி ஆய்வுக்கூடத்துக்காரி, சிரிப்பு என்றால் கிலோ என்ன விலை என்பாள். எனக்கு வங்கிக்காரரைத்தான் பிடித்திருக்கிறது.

நம் வழக்கம் தெரியுமே, நேர்முகத்தில் கடைசிக் கேள்வியை ஒரு நோயாளிக் குழந்தையின் அம்மாதான் கேட்க வேண்டும். என் பையன் போன பிறகு நான் கேட்க முடியாது. வெள்ளிக்கிழமை நீ வா.

உன் அக்கா

மார்ச் 5

அன்பு அக்காவுக்கு,

நீங்க கூப்பிட்டு வராம இருப்பேனா? ஆனா இந்த வாரம் முடியாதுக்கா. சின்னது காலையில எழுந்ததும் வாந்தி எடுக்குது. உடம்பெல்லாம் சொறிஞ்சுக்கிட்டே இருக்கா. கண்ணு மஞ்சளா இருக்குன்னு அவங்கப்பா சொல்றார். முதல்ல உங்க கண்ணாடியை மாத்துங்கன்னேன்.

ரத்தப் பரிசோதனைக்கு வாங்க வாங்கன்னு மருத்துவமனையில உயிரை எடுக்கிறாங்க. ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிட்டே இருக்கேன். போனா எதையாவது கண்டுபிடிச்சு அந்தப் புது மருந்தை நிறுத்திடுவாங்க. இதை உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன். போன வாரம் அவளே கரண்டியைத் தூக்கி வாயில வச்சா அக்கா! என் ரெண்டு கண்ணால பார்த்தேன்.

என் கேள்வியை நீங்களே கேட்டுடுங்க: "இந்த மருந்தை என் பொண்ணுக்குக் கடைசி வரைக்கும் கொடுப்பீங்களா?"

வாயாடி

மார்ச் 7

என் தங்கமே,

நேற்றிலிருந்து நீ போனை எடுக்கவில்லை. இதைக் கொண்டுவருகிறவர் மருத்துவமனை டாக்டர். கதவைத் திறடி.

நேர்முகத்துக்கு இரண்டு பேரையும் ஒன்றாகக் கூப்பிட்டு உட்கார்ந்த பிறகுதான் உன் உறை கைக்கு வந்தது. உன் குரலையே கேட்கட்டும் என்று, முன்னால் படித்துப் பார்க்காமல், முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்துவிட்டேன். கண்ணாடி விஷயத்துக்கு எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். "உங்ககிட்ட மட்டும்" என்ற இடம் வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் எல்லாம் வாயைவிட்டுப் போய்விட்டது.

வங்கிக்காரர் கண் கலங்கி, "கண்டிப்பா கொடுப்போம்மா" என்றார். ஆய்வுக்கூடத்துக்காரி எழுந்தே நின்றுவிட்டாள். "ஈரல் கெடுது. அந்தக் குழந்தை எங்க இருக்கு? இன்னிக்கே மருந்தை நிறுத்துங்க. என் வேலையைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றாள்.

அவளைத்தான் தேர்ந்தெடுத்தோம். நானும் கை தூக்கினேன்.

அக்கா

மார்ச் 8

அறக்கட்டளை நிர்வாகி அவர்களுக்கு,

உங்க டாக்டர் வந்தார். நேரா சமையலறைக்குப் போய் மாத்திரையை எடுத்துப் பையில போட்டுக்கிட்டார். நான் அவர் காலைப் பிடிக்காத குறை.

நான் எழுதினதை ஊரைக் கூட்டிப் படிக்க எப்படி மனசு வந்தது? அதைக் கேட்டுட்டு என் பொண்ணு மருந்தைப் பறிக்கிறவளுக்கே வேலையும் கொடுத்திருக்கீங்க. உங்க பையன் போயிட்டான். இனி உங்களுக்குப் போறதுக்கு என்ன இருக்கு?

மார்ச் 24

தங்கச்சிக்கு,

வலிக்கட்டும் என்றுதான் எழுதினாய், வலித்தது. அதை விடு. சின்னவள் ஈரல் தேறி வருகிறதாம், டாக்டர் சொன்னார். நல்லவேளை என்றார். அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து அழுதேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேறு யாராவது சொல்லி நீ கேட்க வேண்டாம். புதுத் தலைவி எல்லாக் குழந்தைகளின் முடிவுகளையும் எடுத்துப் பார்த்தாள். மருந்து சாப்பிட்ட பிள்ளைகளுக்கும் சாப்பிடாத பிள்ளைகளுக்கும் தசை பலத்தில் ஒரு வித்தியாசமும் இல்லையாம். பழையவருக்கு இது தெரிந்திருக்கிறது, சொல்ல வாய் வராமல் விலகியிருக்கிறார். சோதனையை மொத்தமாக நிறுத்துகிறோம். வேறு வழியில் மறுபடி தொடங்கலாம், ஆனால் வருஷக்கணக்காகும் என்கிறாள். சின்னவளுக்கு அது உதவுமா என்று கேட்டேன். தலையை ஆட்டிவிட்டாள், இல்லையென்று.

திட்டியாவது ஒரு வரி எழுது.

அக்கா

ஏப்ரல் 19

அக்கா,

உங்க பையனை இழுத்துப் பேசினது தப்பு. அதுக்கு மட்டும் மன்னிச்சுக்கோங்க.

அந்த ஆய்வுக்கூடத்து அம்மாவைத் தலைவியா எடுத்தது சரிதான். இவங்கப்பாவும் தினமும் அதையேதான் சொல்றார். மருந்து கொடுத்துட்டே இருந்திருந்தா என் கையாலேயே கொன்னிருப்பேன், அது எனக்கும் புரியுது. புரிஞ்சு என்ன செய்ய? உங்க பேரைக் கேட்டாலே வயிறு எரியுது.

வாந்தி நின்னுடுச்சு. முகம் தெளிஞ்சிருக்கு. நேத்து தலை வாரிவிடும்போது கேட்டா, "எனக்குச் சரியாயிடுச்சு, அதனாலதான் மருந்தை நிறுத்திட்டாங்க, இல்லம்மா?"

ஆமான்னு சொல்லிட்டேன். பக்கத்து வீட்டுக்கெல்லாம் கூப்பிட்டுச் சொல்லிட்டு இருக்கா.

இனிமே எனக்கு எழுதாதீங்க.