செயினில் மீனெண்ணெய்

11 ஆகஸ்ட் 1969, திங்கள்.

நேற்று பழவேற்காட்டில் மாமியார் வீட்டில் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பொன்னியின் அண்ணன் என்னைக் கேட்காமலே மோட்டார் சைக்கிள் செயினில் கைவைத்துவிட்டார். "துருப் புடிச்சிக் கெடந்துச்சி மாப்ள. படவுக்குப் பூசுற மீனெண்ணெய்தான், நல்லா தடவிவுட்டேன்" என்றார். எங்கள் வீட்டில் அரை டின் கியர் ஆயில் இருக்கிறது. செயினுக்கு அதுதான் என்று வண்டியோடு வந்த புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. அவரிடம் அதையெல்லாம் சொல்ல முடியுமா? தலையாட்டிவிட்டு வந்தேன்.

இன்று திருவள்ளூர் ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்தியதும் இரண்டு நாய்கள் வந்து செயினை நக்கின. ஹெட் கிளார்க் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இன்னா சார், கருவாடு ஏத்திக்கினு வந்தீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "எவனோ அறிவு கெட்ட மெக்கானிக் பூசிட்டான்" என்றேன்.

சாயங்காலம் வந்ததும் மண்ணெண்ணெய் ஊற்றிச் செயினைத் தேய்த்தேன். நாற்றம் போகவில்லை. பொன்னி வந்து நின்றாள்.

"இன்னாத்துக்கு கழுவுறீங்க? வண்டி இன்னிக்கு சத்தமே இல்லாம வந்துச்சே."

உண்மைதான். இரண்டு மாதமாகக் கறகறத்துக்கொண்டிருந்த செயின். அதுவும் எரிச்சலாக இருந்தது.

"ஆபீஸ்ல சிரிக்கிறாங்க" என்றேன்.

"எங்க அண்ணன் போட்டதுன்னு சொன்னீங்களா?"

செயினையே தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

ஹெட் கிளார்க்கை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருக்க வேண்டும் என்று இவ்வளவு நேரம் புரண்டுகொண்டிருந்தேன். அவர் கேட்டது கருவாட்டைத்தான். அறிவு கெட்டவன் என்று சொன்னது நான்.