கீழ்நிலத்து நாரைகள்

மார்ச் 19, வியாழன்

மழை. மாலையில் கீழ்நிலத்துச் சதுப்பில் நாரைகள் இறங்கின. எங்கள் பெக்கா பள்ளத்தாக்கின் வேட்டைத் துப்பாக்கிகளுக்கெல்லாம் தப்பி வந்தவை. கீழ்நிலத்தில் திராட்சைக்கொடி நடக்கூடாது, யாரும் சுடக்கூடாது என்று மதுக் கம்பெனி தொடங்கியபோதே காலமான என் கணவர் அந்த்வான் தீர்மானம் போட்டார். எங்கள் மதுப்புட்டி லேபிளிலும் நாரைதான். இப்போது கம்பெனியை நடத்தும் அவர் தம்பி மகன் நாஜிக்கு லேபிள் பிடிக்கும். நாரையைச் சுடவும் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை நண்பர்களை அழைத்திருக்கிறானாம்.

காவலாள் மெல்ஹெமைக் கூப்பிட்டேன். யார் துப்பாக்கியோடு வந்தாலும் பிடுங்கி உடைத்துவிடு என்றேன்.

"நாஜி ஐயாவோடதுமா, மதாம்?"

"அவனோடதுதான் முதல்ல."

மார்ச் 20

நாஜி சாப்பிட வந்தான். கத்தியை மேசைத்துணியில் துடைத்தான். பள்ளியில் எங்கள் கன்னிகாஸ்திரீகள் பார்த்திருந்தால் எழுப்பி அனுப்பியிருப்பார்கள்.

மார்ச் 22, ஞாயிறு

 

மாடியிலிருந்து பார்த்தேன். மெல்ஹெம் நாஜியின் துப்பாக்கியைப் பிடுங்கி வரப்புக் கல்லில் அடித்து உடைத்தான். நண்பர்கள் சிரித்தார்கள். "யாருக்குடா சம்பளம் குடுக்குற, உன்னை அடக்கவா?" என்றான் ஒருவன். நாஜி அவன் கையிலிருந்த துப்பாக்கியைப் பறித்து மெல்ஹெமின் வயிற்றில் சுட்டான். விழுந்த பிறகு இன்னொரு முறை, முகத்தில். சத்தத்தில் நாரைகள் எழும்பின. உடனே மற்றவர்கள் — காலடியில் ஒருவன் துடிக்கிறான் — தலையைத் தூக்கி நாரைகளைச் சுட்டார்கள். பழக்கம். அவ்வளவுதானா?

நாஜி படியேறி வந்தான். சட்டையெல்லாம் ரத்தம். "பன்னின்னு நெனச்சு சுட்டேன்னு சொல்லிருக்கேன். நீங்களும் அதையே சொல்லுங்க பெரியம்மா. வீட்டு மானம்."

எந்தப் பன்றி துப்பாக்கியை உடைத்தது? போலீஸிடம் கண்டதைக் கண்டபடி சொன்னேன். எழுதியவர் விபத்து என்று எழுதினார். அடித்துத் திருத்த வைத்தேன். நாஜியைக் கொண்டுபோனார்கள்.

மார்ச் 23

அடக்கம். மெல்ஹெமின் குலத்தில் வாலிபன் செத்தால் வானத்தைப் பார்த்துச் சுட்டுக்கொண்டேதான் தூக்கிப்போவார்கள். கீழ்நிலத்தை ஒட்டித்தான் பாதை. மிஞ்சிய நாரைகள் மழையில் நனைந்து, பறக்கத் தெம்பில்லாமல் மறுபடி அங்கேயே நின்றன. அவன் மனைவி வத்ஃபாவிடம் போய், வெடி வேண்டாமே என்று கேட்டேன். பிணத்தின் தலைமாட்டில் நின்று கேட்டேன்.

அவள் அழவில்லை. "உங்க நாரைக்காகச் செத்தான். உங்க வீட்டாள் சுட்டான். இப்ப உங்க நாரைக்காக ஊமையா வேற போகணுமா, மதாம்?"

  "சுடுங்க" என்றேன்.

வெடிக்கு முன்னால் நாரைகளை விரட்டிவிட, தாம்பாளமும் கரண்டியும் எடுத்துக்கொண்டு சதுப்பில் இறங்கினேன். துக்கத்துக்குப் போட்ட கறுப்புச் செருப்பில் ஒன்று சேற்றோடு போயிற்று. தாம்பாளத்தை அடித்தேன். போங்க, தொலைஞ்சு போங்க, இங்க உங்களுக்கு ஒண்ணும் இல்ல — யார் காத்த நிலத்திலிருந்து யாரை விரட்டுகிறேன்? கனத்து எழும்பின. பாதி உயரம் ஏறுவதற்குள் பாடை திருப்பத்துக்கு வந்துவிட்டது. வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். சில விழுந்தன. ஒன்று இறக்கை முறிந்து பாடைக்கு முன்னால் சுற்றிச் சுற்றி வந்தது. மெல்ஹெமின் தம்பி அப்பாஸ் அதன் கழுத்தை முறுக்கி ஓரமாக எறிந்துவிட்டு மறுபடி சுட்டான்.

அவன் நாரையை எறிந்த இடத்தையே வத்ஃபா பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஏப்ரல் 11

வத்ஃபா வந்து காவல் வேலையைக் கேட்டாள். அப்பாஸுக்குத் தரட்டுமா என்றேன். "அவனுக்குச் சுடத்தான் தெரியும்" என்றாள். அவளுக்கே கொடுத்தேன்.

ஆகஸ்ட் 30

நாஜிக்கு ஜாமீன். கம்பெனியில் அவன் நாற்காலியை எடுத்தாகிவிட்டது. அவன் அப்பா, என் கொழுந்தன், என்னோடு பேசுவதில்லை.

நாரைகள் தெற்கே திரும்பும் வழியில் இறங்கியிருக்கின்றன. சாயங்காலம் வத்ஃபா வந்தாள்.

"அவன் வெளிய வந்துட்டானாமே. துப்பாக்கியோட வந்தா நான் என்ன செய்யணும், மதாம்?"

மார்ச்சில் மெல்ஹெமிடம் பிடுங்கி உடைத்துவிடு என்றவள் நான். இந்த முறை இப்படிச் சொன்னேன்.

"என்னைக் கூப்பிடு. அவனோடதை நானே வாங்குறேன்."

என் காலிலிருந்த வீட்டுச் செருப்பைப் பார்த்தாள். "இந்தச் செருப்போடயா? சேறு இதையும் இழுத்துக்கும்."

அந்த்வானின் ரப்பர் பூட்ஸைத் தேடி எடுத்து வாசலில் வைத்திருக்கிறேன். முனையில் துணி திணித்துப் போட்டுப் பார்த்தேன். நடக்க வருகிறது.