படத்துக்கு மட்டும் பாடம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா ஒத்தடம் கொடுக்கிறார்களா, இல்லை இன்னும் உங்களோடு பேச்சுவார்த்தை இல்லையா?

வேலை எப்படி என்று கேட்டீர்கள். சிரிப்புதான். பிள்ளைகள் படிக்கிறார்களா என்று பார்க்கக் கல்வி அலுவலகத்திலிருந்து யாரும் வருவதில்லை. தினமும் எல்லோரும் புத்தகமும் கையுமாக இருக்கும் ஒரு போட்டோவை நான் எடுத்து அனுப்பினால் போதும். உடனே தலைமையாசிரியை புத்தகங்களை வாங்கிப் பூட்டிவிடுவார். "கசங்கிப்போனா நாளைக்குப் படம் நல்லாவா இருக்கும்?" என்பார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பீர்களே, இங்கே ஏட்டையே தொடவிடுவதில்லை. பிறகு மாலைவரை எனக்குக் கம்ப்யூட்டரில் அலுவலக வேலை.

நேற்று அவர் விடுப்பு. சாவி என்னிடம் இருந்தது. ஆசையாகப் புத்தகங்களைக் கொடுத்து, "படிங்க கண்ணுங்களா" என்றேன். வகுப்பு முழுவதும் புத்தகத்தை நெஞ்சுக்கு நேரே விரித்துப் பிடித்து, என்னைப் பார்த்துச் சிரித்தபடி அசையாமல் உட்கார்ந்தது. ஒருவரும் பக்கத்தைப் பார்க்கவில்லை. முன்வரிசைச் சிறுமி சிரிப்பு மாறாமலே கேட்டாள்: "டீச்சர், எடுத்தாச்சா? கை வலிக்குது."

கவலைப்படாதீர்கள், நான் நன்றாகத்தான் இருக்கிறேன். ஒரு கனமான போர்வை அனுப்புங்கள். வீட்டில் சும்மா கிடக்கும் அந்தச் சின்ன ரேடியோவையும் அனுப்புங்கள். அறையில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் நன்றாக இருக்கும்.

மணி அடித்துவிட்டது. நீங்கள் கேட்ட என் போட்டோவை இதோடு வைத்திருக்கிறேன். சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அம்மா பார்க்கட்டும். நீங்கள் ரொம்ப நேரம் உற்றுப் பார்க்க வேண்டாம்.

உங்கள் மகள்