சதுர்ஷிகாவின் நிறுவை

பெப்ரவரி 12, 2024

மூட்டம் விலகவே இல்லை. தோட்டத்து அம்மாமார் வேலைக்குப் போகையில் பிள்ளைகளை என்னிடம் விட்டுப்போகும் பிள்ளைமடுவத்தில், கழுவிப் போட்ட துணி ஒன்றும் காயவில்லை. இன்று குழந்தைகளை நிறுக்கும் நாள். மிட்வைஃப் நிப்லா மிஸ் வந்து உத்தரத்தில் தராசைக் கட்டினார். கொழுந்து பறிக்கிற ஜெயந்தினியின் மகள் சதுர்ஷிகா, எட்டு மாதம், இந்த முறையும் எடை ஏறவில்லை. கார்டில் புள்ளி சிவப்புக்குள் போய்விட்டது. "பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, துண்டு எழுதித் தாறேன்" என்றார் மிஸ். ஜெயந்தினி தலையை ஆட்டினாள். அந்த ஆட்டல் எனக்குத் தெரியும். போக மாட்டாள்.

பெப்ரவரி 13

போகவில்லை. பிள்ளையை என் கையில் திணித்துவிட்டுக் கொழுந்து மலைக்குப் போய்விட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

பெப்ரவரி 19

இன்று பிடித்து நிறுத்திக் கேட்டேவிட்டேன். பெற்றவளுக்கு இல்லாத கவலை எனக்கு எதற்கு என்று. அவள் கொஞ்சமும் கோபப்படவில்லை.

"அவ்வளவு மோசமில்லைங்க டீச்சர். நீங்க கழிச்சுத்தானே எழுதுறீங்க?"

"எதைக் கழிச்சு?"

"கொழுந்து நிறுக்கிறப்ப சாக்குக்கு, தண்ணிக்குன்னு கழிப்பாங்கல்ல? அது மாதிரி பாப்பாவுக்கும் சட்டைக்கு, துணிக்குன்னு கழிச்சிருப்பீங்க. உள்ளபடிக்கு அவ எடை கூடத்தானே இருக்கும்."

முதலில் சிரித்துவிட்டேன். அப்புறம் சிரிப்பு நின்றுபோனது. கொழுந்து நிறுக்கிற இடத்தில் தொங்குவதும் இதே மாதிரி வட்டத் தராசுதான். அங்கே கணக்கப்பிள்ளை சத்தமாய் வாசிப்பது எப்போதும் உள்ளதைவிடக் குறைவு. அவள் வேறு எப்படி நினைப்பாள்? நானும் பத்து வருடமாய் அம்மாமாருக்கு வகுப்பு எடுக்கிறேன். கலர் படம் காட்டுகிறேன், கீரை சமைத்துக் காட்டுகிறேன். நாங்கள் கழிப்பதில்லை என்று மட்டும் சொன்னதில்லை. அது யாருக்குத் தோன்றும்!

"ஒரு கிராம்கூட கழிக்கலடி. முள்ளு காட்டினதுதான் எழுதியிருக்கு."

"அப்போ..." என்றாள். பிள்ளையைத் தூக்கி, கையிலேயே வைத்து எடை பார்ப்பவள் போல நின்றாள்.

பெப்ரவரி 20

ஜெயந்தினி காலைப் பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்குப் போகவில்லை. காலை பஸ் பழுதாம். மரக்கறி லொறியில் பசறை வரைக்கும் போய், அங்கிருந்து பதுளை பஸ் எடுத்தாளாம். அப்பாடா.

பெப்ரவரி 22

வார்டில் வைத்துக்கொண்டார்கள். ஜெயந்தினி போன் எடுத்துச் சொன்னாள். பிள்ளைக்கு இதயத்தில் ஓட்டையாம். நெஞ்சில் சளி வேறு. கொழும்புக்கு அனுப்ப வேண்டும், முதலில் சளி குறையட்டும் என்கிறார்களாம்.

"பால் குடிக்கிறப்ப நெத்தி வேர்க்குமான்னு டாக்டர் கேட்டாருங்க. ஆமாங்கன்னேன். நான் என்னமோ, புள்ள பாடுபட்டுக் குடிக்குதுன்னு நெனைச்சேன் டீச்சர்."

நானும்தான் பார்த்தேன். துண்டால் துடைத்தும் விட்டேன். எங்கள் வகுப்பில் அதற்குப் படம் இல்லை.

பெப்ரவரி 25, ஞாயிறு

பதுளைக்குப் போய் வந்தேன். மூக்கில் குழாய். கன்னம் வற்றி, கண் மட்டும் பெரிதாய் இருக்கிறது. ஜெயந்தினி கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுக்கிறாள்.

"இங்கயும் தெனம் நிறுக்கிறாங்க டீச்சர். கழிக்கிறீங்களான்னு நர்ஸம்மாவைக் கேட்டேன். அவங்களுக்கு வெளங்கல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வெளியே வந்து நன்றாக அழுதேன்.

பெப்ரவரி 28

சதுர்ஷிகா விடியற்காலையில் போய்விட்டாள். சளி குறையவே இல்லையாம்.

மார்ச் 1

தேயிலை மலைக்குக் கீழே, ஆற்றோரமாய் அடக்கினார்கள். எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 5

தாய் பிள்ளை நலத் திட்டக் கூட்டம். மேலே இருந்து வந்த அதிகாரி கேட்டார்: "தாய்க்கு விளக்கம் கொடுக்கவில்லையா?" கொடுத்தோம் ஐயா. கைகழுவ, கீரை பிடுங்க, தடுப்பூசி போட, எல்லாத்துக்கும் குடுத்தோம். கொழுந்து நிறுக்கிற எடத்துல வருசக் கணக்கா அவங்க என்ன படிச்சாங்கன்னு யாராவது போய்ப் பாத்தோமா? அங்க ஒரு நாளாவது நின்னோமா? இதையெல்லாம் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன். நிப்லா மிஸ் ஒருத்தர்தான் தலையைக் குனிந்துகொண்டு, "பிந்தித்தான் போனாங்க சேர்" என்றார். டீயும் பணிசும் கொடுத்தார்கள். வேண்டாம் என்றுவிட்டேன்.

மார்ச் 7

ஜெயந்தினி வேலைக்கு வந்துவிட்டாள். காலையில் பத்து மணிக்குப் பால் கொடுக்கும் அம்மாமாரை மலையிலிருந்து விடுவார்கள். அவர்களோடு அவளும் இறங்கி வந்தாள். போ என்று யார் சொல்வது? சுவரோரமாய் உட்கார்ந்தாள். ரவிக்கை நனைந்திருந்தது.

"பால் கட்டிக்கிச்சுங்க டீச்சர். பீச்சி வெளிய ஊத்த மனசு வரல."

கிருஷாந்தியின் பையன் தொட்டிலில் கத்திக்கொண்டிருந்தான். கிருஷாந்திக்குத் தூரத்து மலை, எப்போதும் பிந்தித்தான் வருவாள். ஒருத்தர் பாலை இன்னொருத்தர் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது என்று வகுப்பில் சொல்கிறவளும் நான்தான். பையனைத் தூக்கி ஜெயந்தினியின் மடியில் வைத்தேன். கத்தல் நின்றது. அவள் அவன் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கிருஷாந்தி மூச்சு வாங்க ஓடி வந்தாள். வாசலில் அப்படியே நின்றாள். அவளுக்கும் மார்பு நனைந்திருந்தது.

"குடிக்கட்டும் டீச்சர்" என்று மெதுவாய்ச் சொல்லிவிட்டு, வந்த வழியே மலைக்கு ஏறிப் போனாள்.