முழங்காலில் ஒரு தட்டு

இவளே,

போனில் சொன்னால் குரல் உடைந்துவிடும், அதனால்தான் மெசேஜாக எழுதுகிறேன். நான் போய்ச் சேர்வதற்குள் என் கூட்டாளியின் அடக்கம் முடிந்துவிட்டது. அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

ரயிலில் தூங்கித் தொலைத்தேன். விழித்தபோது அவன் ஊர் எப்போதோ போயிருந்தது. எதிர்வண்டி வரும்வரை கொட்டுகிற மழையில் பிளாட்பாரத்தில் கிடந்தேன். அலாரம் வைக்கச் சொன்னாய், "எனக்கெதுக்கு?" என்றேன். லிஃப்ட் ரிப்பேருக்கு நாங்கள் இரண்டு பேரும் ஊர் ஊராக அலைந்த காலமெல்லாம் ஒரே ஏற்பாடுதான்: போகும்போது நான் தூங்குவேன், வரும்போது அவன் தூங்குவான். இறங்குகிற இடம் வந்ததும் ஸ்பேனரால் என் முழங்காலில் தட்டி, "எந்திரிடா, உன் மாமியார் வீடு வந்திருச்சு" என்பான். அந்தப் பழக்கம் உடம்போடு ஊறிப்போயிருக்கிறது.

அவன் பெண்டாட்டி என்னைப் பார்த்ததும், "தூங்கிட்டீங்களாண்ணே?" என்றாள். தலையை ஆட்டினேன். "எழுப்ப ஆளில்லையே" என்றாள்.

சாப்பிட்டேன், மாத்திரையும் போட்டுக்கொண்டேன். கவலைப்படாதே. கிளம்பும்போது அவனுடைய ஸ்பேனரை என் பையில் வைத்தாள்.

நாளைக் காலை வண்டியில் வருகிறேன். அதை மடியில் வைத்துக்கொள்வேன், வழி முழுக்கக் கண்ணை மூட மாட்டேன். வரும்போது அவன் தூங்குவான்.

உன் வீட்டுக்காரன்